சாந்தோரினி வெள்ளை ஒயின்: தீவின் பெயரைவிட திராட்சையின் பெயரைப் பாருங்கள்

கிரீஸின் சாந்தோரினி தீவு வெள்ளை ஒயின் பிடிக்கும், ஆனால் விலை கையைக் கடிக்கிறது என்றால், லேபிளில் அந்த ஒயினின் முக்கியத் திராட்சையான 'அசிர்டிகோ'வின் பெயரைத் தேடி, கிரீஸின் பெருநிலப் பகுதியில் விளைந்ததை வாங்குங்கள். திராமா, அட்டிகா, ஹல்கிதிகி போன்ற வட்டாரப் பெயர்கள் இருக்கும். விலை பெரும்பாலும் கணிசமாகக் குறையும்.

அசிர்டிகோவின் பலமே அதன் புளிப்புதான். கடும் வெயிலில் பழுத்தாலும் அது அவ்வளவாகக் குறையாது. அதனால் தீவைத் தாண்டியும் நன்றாக வருகிறது. சாந்தோரினியில் காற்று பலமாக வீசும் என்பதால் கொடிகளைத் தரையோடு கூடை மாதிரி வளைத்துப் பின்னி, குலைகள் உள்ளே மறைந்திருக்கும்படி வளர்க்கிறார்கள். அறுவடை முழுக்கக் குனிந்து, கையால். மழை குறைவு, விளைச்சலும் குறைவு, போதாததற்குச் சுற்றுலா விடுதிகள் நிலத்துக்குப் போட்டி. நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசில் பெரும்பங்கு இதற்குத்தான்.

ஒன்றைக் கவனியுங்கள்: பெருநிலப் புட்டிகளில் சோவினியோன் பிளாங்க் என்ற வேறொரு வெள்ளைத் திராட்சை கலந்திருப்பதும் உண்டு. அதுவும் நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ருசி வேறு.

பொரித்த மீனுக்கும் கணவாய்க்கும் இந்த மாற்று தாராளமாகப் போதும். எரிமலை மண்ணில் விளைந்ததன் அந்த உப்புக்கரிப்பும் அடர்த்தியும்தான் வேண்டும், அல்லது சில ஆண்டுகள் வைத்திருந்து திறக்கப் போகிறீர்கள் என்றால், சரி, சாந்தோரினியையே வாங்குங்கள். வெயிலில் உலர்த்திய திராட்சையில் செய்யும் சாந்தோரினியின் இனிப்பு ஒயினான வின்சாந்தோவுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.