முகம் கழுவியதும் தோல் இழுத்துப் பிடிக்கிறதா?

ஃபேஸ்வாஷ் போட்டுத் துடைத்த சற்று நேரத்தில் கன்னம் இழுத்துப் பிடித்தால், நன்றாகச் சுத்தமாகிவிட்டது என்று மகிழ வேண்டாம். அழுக்கோடு தோலுக்குரிய எண்ணெய்ப் பசையும் போய்விட்டது. மென்மையான தோலுள்ளவர்களுக்குச் சிவப்பும் எரிச்சலும் பின்னாலேயே வரும்.

அடுத்த முறை கடையில் குப்பியின் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள். அதிக அளவில் சேர்த்த பொருள்கள்தான் பட்டியலில் முதலில் வரும். தண்ணீருக்கு அடுத்தபடியாகச் சோடியம் லாரில் சல்பேட் என்ற அழுக்கு நீக்கும் பொருள் இருந்தால் குப்பியைத் திரும்ப வைத்துவிடலாம். தோல் ஆய்வுகளில் வேண்டுமென்றே எரிச்சலை உண்டாக்கப் பயன்படுத்துவதே இதைத்தான்! லாரெத் சல்பேட் அதைவிடச் சற்றுச் சாது. சோடியம் கோகாயில் ஐசெதியோனேட், டெசைல் குளுக்கோசைடு ஆகியவை இன்னும் மென்மையானவை. நுரை பொங்கவில்லையே என்று கூடுதலாகப் பிழியாதீர்கள். அழுக்கை எடுப்பது நுரை அல்ல.

குளியல் சோப்பை முகத்துக்குப் போடுவதும் வேண்டாம். தோலின் பிஎச், அதாவது அமில-காரத் தன்மையின் அளவு, 5-ஐ ஒட்டியது; லேசான அமிலம். வழக்கமான சோப்புக்கோ 9 முதல் 10 வரை; தோலுக்கு அது அதிகக் காரம்.

ஆனால் ஒன்று, மென்மையானது என்றால் ஒவ்வாமையே வராது என்பதில்லை. குழந்தைகள் ஷாம்பூவிலும் சேர்க்கப்படும் கோகாமிடோபுரோபைல் பீட்டெய்ன் என்ற மென்மையான அழுக்கு நீக்கி 2004-இல் அமெரிக்கத் தோல் மருத்துவர் சங்கம் ஒன்றால் அவ்வாண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவிக்கப்பட்டது. ஆகவே புதிதாக வாங்கியதைச் சில நாள் முழங்கை மடிப்பில் தடவிக் கழுவிப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் முகத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.