நாய்க்கு வெயில் ஷூ: பழைய ஜீன்ஸிலும் சைக்கிள் டியூபிலும் நாமே தைக்கலாம்

எங்கள் வீடு வேலூரில் மூன்றாவது மாடி. மதியம் ஒரு தடவையாவது எங்கள் நாய் மணியைக் கீழே கூட்டிப்போக வேண்டும். காலி மனைக்குப் போக நூறடி தார்ச்சாலையைத் தாண்டவேண்டும். போன கத்திரி வெயிலில் அந்த நூறடியிலேயே அவளுடைய முன்னங்கால் பாதத்தில் தோல் உரிந்துவிட்டது. மருந்து போட்டுக் கட்டிய டாக்டர், ஆறும் வரை தரையில் வெறுங்காலாக விடாதீர்கள் என்றார். கடையில் வாங்கிய ஷூ நாலு எட்டில் கழன்று விழுந்தது. அப்புறம்தான் நானே தைக்க உட்கார்ந்தேன். மூன்றாவது ஜோடிதான் சரியாக வந்தது.

புறங்கையைத் தரையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் நாயாலும் முடியாது. வெயில் தாழ்ந்த பிறகும் தார் சூட்டை விடாது, அதனால் சாயங்காலமும் தொட்டுப் பார்க்கவேண்டும்.

வேண்டியவை: பழைய ஜீன்ஸ் கால், பஞ்சரான சைக்கிள் டியூப், பழைய போர்வைத் துண்டு, ஒரு அங்குல வெல்க்ரோ, நைலான் நூல், மெழுகுவர்த்தி, செருப்பு தைக்கும் குத்தூசி. ஒட்டுகிற வெல்க்ரோ வாங்காதீர்கள். சூட்டில் பசை இளகிவிடும், தைக்கும்போது ஊசியிலும் அப்பிக்கொள்ளும். பஞ்சர் ஒட்டும் சொல்யூஷனும் வேண்டாம். நாய் நக்கும், கடிக்கும். எல்லாமே தையல்தான்.

முதலில் அளவு. நான் இரண்டு ஜோடியை வீணாக்கியது இந்த இடத்தில்தான், அதனால் பொறுமையாகப் படியுங்கள். மணி படுத்திருந்தபோது பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்தேன். தைத்ததும் கச்சிதமாக நுழைந்தது. எழுந்து நின்றதும் விரல்கள் உள்ளே நெருங்கி, நடக்கவே மறுத்தாள். எடை ஏறும்போது நாயின் விரல்கள் விரியும். ஆகவே நாயைக் காகிதத்தின்மேல் நிற்க வையுங்கள். ஒருவர் மற்ற முன்னங்காலை மெல்லத் தூக்கிப் பிடிக்கட்டும். முழு எடையும் இந்தப் பாதத்தில் இறங்கியதும், பென்சிலை நேர்செங்குத்தாகப் பிடித்துச் சுற்றி வரையுங்கள். பென்சில் உள்பக்கம் சாய்ந்தால் அளவு சிறுத்துவிடும். கோட்டுக்கு வெளியே நகத்துக்கும் தையலுக்கும் சேர்த்து ஒரு சென்டிமீட்டர் விடுங்கள். பின்னங்காலுக்குத் தனியாக வரையவேண்டும். பெரும்பாலான நாய்களுக்கு முன்பாதம்தான் பெரிது.

அடிப்பாகம் வெட்டுவது எளிது. ஜீன்ஸ், போர்வை, ஜீன்ஸ், அதன் கீழே டியூப் என நாலு அடுக்கு. வெறும் டியூப் மட்டும் போட்டால் அந்த மெல்லிய ரப்பர் வழியாகச் சூடு உள்ளே ஏறிவிடும். நடுவில் இருக்கும் போர்வைத் துணிதான் பாதத்தைக் காப்பாற்றுவது. டியூபை நீளவாக்கில் வெட்டி, உள்ளே இருக்கும் வெள்ளைப் பவுடரைச் சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்துக்கொள்ளுங்கள்.

மேல்பாகத்துக்கு நீளமான ஜீன்ஸ் பட்டை ஒன்று போதும். அடிப்பாகத்தின் சுற்றளவுக்கு மேல் இரண்டு அங்குலம் கூடுதலாக இருக்கட்டும். காலின் முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்று படிகிற மாதிரி அதைச் சுற்றித் தைக்கவேண்டும். தையல் விளிம்பு ஷூவுக்கு வெளியே துருத்திக்கொண்டு நிற்கட்டும். பார்க்க அழகாக இருக்காதுதான், ஆனால் உள்ளே இருந்தால் விரலை அறுக்கும்.

மெஷினில் தைப்பவர்கள் 16ஆம் நம்பர் ஊசி போடுங்கள். ரப்பர் மெஷினில் ஒட்டிக்கொண்டு நகராது. டியூபின்மேல் செய்தித்தாள் வைத்துத் தைத்துவிட்டு, பிறகு கிழித்து எடுங்கள். எனக்குக் கைத்தையல்தான் பிடிக்கும். எங்கள் தெருமுனையில் செருப்பு தைக்கும் அண்ணன் குத்தூசியைப் பிடிக்கச் சொல்லிக்கொடுத்தார். முதலில் ஓட்டை போட்டு, மெழுகு தேய்த்த நூலை இருபுறமும் மாற்றி மாற்றிக் கோக்கும் அந்தத் தையல், ஒரு இடத்தில் அறுந்தாலும் முழுதாகப் பிரியாது.

கடைசியாக வெல்க்ரோ. முன்னங்காலின் உள்பக்கம், பாதத்துக்குச் சற்று மேலே, தரையில் படாத கட்டைவிரல் நகம் ஒன்று இருக்கும். என் இரண்டாவது ஜோடியில் வெல்க்ரோ சரியாக அதன்மேலேயே உட்கார்ந்து, அந்த இடம் சிவந்து புண்ணாகிவிட்டது. பாவம், வலியை அவளால் சொல்லவும் முடியவில்லை. இப்போது மேல்பட்டையை உயரமாக வெட்டி, நகத்துக்கு மேலே கட்டுகிறேன். கட்டியபின் ஒரு விரல் உள்ளே போகவேண்டும். இறுகினால் ரத்த ஓட்டம் தடைபட்டுப் பாதம் வீங்கும்.

சரி, போட்டுவிட்டு உடனே தெருவுக்கு இழுத்துப் போகாதீர்கள். முதல் நாள் வீட்டுக்குள் ஒரே ஒரு ஷூ, இரண்டு நிமிடம், கையில் வேகவைத்த கோழித்துண்டு. மணி நாலையும் ஏற்றுக்கொள்ள ஆறு நாள் ஆனது.

பிறகு சேர்த்தது: இதைப் படித்துத் தைத்த ஒருவர், விரலிடுக்கில் ஈரமாக இருக்கிறது, கெட்ட வாடையும் வருகிறது என்று எழுதியிருந்தார். நாய்க்குப் பாதத்தில்தான் வியர்க்கும். வீட்டுக்கு வந்ததும் கழற்றி, விரலிடுக்குகளைத் துடைத்துவிடுங்கள். ஷூவைத் திருப்பிப்போட்டுக் காயவையுங்கள். நான் ஒரு தடவைக்கு இருபது நிமிடத்துக்கு மேல் விடுவதில்லை. ஷூ பாதத்தை மட்டும்தான் காக்கும். உடம்பில் ஏறும் சூட்டை நாய் மூச்சிரைத்துத்தான் தணிக்கவேண்டும். அதனால் ஷூ இருக்கிறதே என்று மதியத்தில் நீண்ட நடை கூட்டிப்போகாதீர்கள். மணியின் வேலை காலி மனையில் முடிந்ததும் நேராக மாடிக்கு ஏறிவிடுகிறோம்.