லோரோங் கூலிட் சந்தையில் பழைய சீட்டுக்கட்டு வாங்குவது எப்படி

பினாங்கில் படம் போட்ட பழைய சீட்டுக்கட்டு தேடுகிறவர்களை நான் லோரோங் கூலிட் சந்தைக்குத்தான் அனுப்புவேன். காலையிலேயே போய்விடுங்கள். பழைய நாணயம், கைக்கடிகாரம் பரப்பி வைத்திருக்கும் விரிப்புகளை விடாமல் பாருங்கள்.

விலை பேசுவதற்கு முன், “பாங், போலே புக்கா?” (அண்ணே, திறக்கலாமா?) என்று மலாயில் கேட்டுப் பெட்டியைத் திறங்கள். முதலில் இஸ்பேட் ஏஸை எடுங்கள். தயாரித்தவர் பெயர் பெரும்பாலும் அதில்தான் இருக்கும். பிரிட்டனில் சீட்டுக்கட்டுக்கு வரி இருந்த காலத்தில், வரி கட்டியதற்கு அடையாளமாக நெடுநாள் இருந்தது இந்தச் சீட்டுதான். 1960இல் வரி போய்விட்டது, அந்த ஏஸின் அலங்காரம் மட்டும் தங்கிவிட்டது. அமெரிக்கக் கட்டின் பெட்டியில் வரி முத்திரை ஒட்டியிருந்தால், அது 1965க்குப் பிந்தியதாக இருக்காது.

எனக்கு உயிர், விமான நிறுவனங்கள் பயணிகளுக்குக் கொடுத்த கட்டுகள். சீட்டின் முதுகில் இருக்கும் பெயரே காலத்தைச் சொல்லிவிடும். ‘மலாயன் ஏர்வேஸ்’ என்றால் 1963 வரை. ‘மலேசியா–சிங்கப்பூர் ஏர்லைன்ஸ்’ என்றால் அறுபதுகளின் பின்பாதியிலிருந்து 1972 வரை. அந்த வருடம்தான் அது இரண்டு நிறுவனமாகப் பிரிந்தது. நம் நாட்டுக் கதை இப்படி உள்ளங்கையில் அடங்குவது எனக்கு இன்றும் சிலிர்ப்புதான்.

அப்புறம் எண்ணுங்கள்: 52, அதோடு ஜோக்கர்கள். முதுகில் மட்டும் படம் இருக்கும் கட்டில் ஒரு சீட்டு குறைந்தாலும் நான் வாங்குவேன், விலையைப் பாதியாகக் கேட்பேன். ஒவ்வொரு சீட்டிலும் வேறு படம் என்றால், ஒன்று குறைந்தாலும் வேண்டாம். போன படம் போனதுதான்.

ஒடுக்கமான நீளச் சீட்டுகள் கண்ணில் பட்டால், அவை பாபா நோன்யா (மலாய்ப் பழக்கவழக்கம் கலந்த சீனர்) வீடுகளில் ஆடிய செக்கி என்ற ஆட்டத்தின் சீட்டுகளாக இருக்கலாம். ஏஸும் ஜோக்கரும் அதில் தேடாதீர்கள், அது வேறு குடும்பம்.

வீட்டுக்கு வந்ததும் ரப்பர் பேண்டைக் கழற்றி எறியுங்கள். நம் வெக்கையில் அது உருகி ஓரத்தில் ஒட்டிக்கொள்ளும். ஈரத்துணியால் துடைக்காதீர்கள், லேமினேட் செய்யவே செய்யாதீர்கள். இறுக்கமாக மூடும் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பொட்டலத்தோடு, வெயில் படாத அலமாரியில் வையுங்கள். மழைக்காலத்தில் பொட்டலத்தை அடிக்கடி மாற்ற வேண்டும். பூஞ்சைப் புள்ளி விழுந்த கட்டுக்குத் தனி டப்பா.