முதலில் கயிறு பிடிக்கப் பழகுவோம்: பாறை ஏறப் புதிதாக வருபவர்களுக்கு

செயற்கைச் சுவரில் ஏறப் பழகும் கிளைம்பிங் ஜிம்முக்குப் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் கேட்பது, எப்படி ஏறுவது என்பதைத்தான். நான் முதலில் பழகச் சொல்வது பிலே. அதாவது, ஒருவர் ஏறும்போது கீழே நின்று அவருடைய கயிற்றைப் பிடிப்பது. பெங்களூரு ஜிம்களில் பிலே தெரிந்தவருக்கு எந்த மாலையில் போனாலும் துணை கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை வெளிப் பாறை ஏற ராமநகரத்துக்குக் கிளம்பும் குழுவும் நீங்கள் எவ்வளவு கடினமான பாதை ஏறுவீர்கள் என்று கேட்காது, "பிலே பண்ணுவீங்களா?" என்றுதான் கேட்கும்.

இங்கே சொல்வது டாப் ரோப் முறைக்கு. ஏறுபவரிடமிருந்து கிளம்பும் கயிறு, உச்சியில் கயிற்றைத் தாங்கும் ஆங்கர் என்ற பிடிப்பின் வழியாகத் திரும்பி உங்களிடம் வரும். இதைப் படித்துவிட்டுப் பயிற்சியாளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்து பாருங்கள். அவர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை யாரையும் உங்கள் கயிற்றில் ஏற்ற வேண்டாம்.

ஹார்னஸும் முடிச்சும்

ஹார்னஸ் என்பது இடுப்பிலும் தொடைகளிலும் மாட்டும் பட்டை. அதன் இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே இருக்க வேண்டும். இறுக்கிய பிறகு கீழே இழுத்துப் பாருங்கள், நழுவக் கூடாது.

ஏறுபவர் கட்டுவது எட்டு முடிச்சு. கயிற்று நுனியிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் விட்டு ஒரு வளையம் போடுங்கள். நுனியை நீளக் கயிற்றின் பின்பக்கமாக ஒரு சுற்று சுற்றி, அந்த வளையத்துக்குள் நுழைத்தால் 8 வடிவம் வந்துவிடும். அந்த நுனியை ஹார்னஸின் முன்னே கால் பட்டையிலும் இடுப்புப் பட்டையிலும் உள்ள இரண்டு கண்ணிகளுக்குள்ளும் கீழிருந்து மேலாகக் கோத்துக்கொள்ளுங்கள். பிறகு அதே நுனி, முதலில் போட்ட எட்டின் வழியையே ஒட்டித் திரும்பிப் போக வேண்டும். முடித்ததும் எண்ணிப் பாருங்கள்: கயிறு இரண்டு இரண்டாக ஐந்து ஜோடி தெரிய வேண்டும். நுனி ஒரு சாண் அளவாவது மிஞ்சியிருக்கட்டும். எல்லா இழைகளையும் ஒவ்வொன்றாக இழுத்து இறுக்குங்கள்.

கருவியை மாட்டுவது

பிலே செய்யத் தொடக்கத்துக்கு ஏடிசி என்று எல்லோரும் அழைக்கும் குழாய் வகைக் கருவி போதும். கயிற்றை மடித்து அதன் துளைக்குள் தள்ளி, வெளியே வரும் மடிப்பையும் கருவியின் கம்பி வளையத்தையும் சேர்த்துப் பூட்டு கராபினரில் (திருகிப் பூட்டும் உலோகக் கொக்கி) மாட்டி, அந்தக் கராபினரை ஹார்னஸின் முன்னே உள்ள பிலே லூப் என்ற வளையத்தில் கோத்துத் திருகிப் பூட்டுங்கள். ஏறுபவர் பக்கத்துக் கயிறு மேலே வர வேண்டும். கீழே தொங்கும் பக்கம்தான், அவர் விழுந்தால் பிடித்து நிறுத்தும் பிரேக் கயிறு. வலக்கைப் பழக்கமுள்ளவருக்கு வலது கைதான் பிரேக் கை. மற்றவர் மேலே இருக்கும்வரை அந்தக் கை கயிற்றை விடவே கூடாது. மூக்கு அரித்தாலும் இடக்கையால் சொறிந்துகொள்ளுங்கள்.

அடுத்து, ஒருவரை ஒருவர் சோதிப்பது. நீங்கள் அவருடைய முடிச்சையும் பட்டைகளையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அவர் உங்கள் கராபினரை அழுத்திப் பூட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். இருபது வருடம் ஏறியவருக்கும் இது பொருந்தும். நன்றாகத் தெரிந்த கைகள்தான் பேச்சு சுவாரசியத்தில் முடிச்சைப் பாதியில் விடும்.

கை அசைவு

அவர் "ஆன் பிலே?" என்பார். தயார் என்றால் "பிலே ஆன்" என்று சொல்லுங்கள். அவர் ஏற ஏறக் கயிறு தளரும். இடக்கையால் அவர் பக்கத்துக் கயிற்றைக் கீழே இழுக்கும்போதே, பிரேக் கையால் கருவி வழியாக வரும் கயிற்றை மேலே இழுங்கள். உடனே பிரேக் கையை இடுப்புக்குக் கீழே இறக்குங்கள். இப்போது இடக்கை பிரேக் கைக்குக் கீழே போய் அதே கயிற்றைப் பிடிக்கும். பிரேக் கை கயிற்றை விடாமல் கருவிப் பக்கம் வழுக்கி ஏறும். பிறகு இடக்கை தன் பழைய இடத்துக்குத் திரும்பும். இழு, இறக்கு, பிடி, வழுக்கு. யாரும் ஏறாதபோது ஒரு கயிற்றில் இதைப் பத்து நிமிடம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்தால் கைக்கு வந்துவிடும்.

அவர் "டேக்" (இறுக்கிப் பிடி) என்றால் கயிற்றை இறுக்கி, பிரேக் கையைக் கீழே வைத்து உட்காருவது போல எடையைக் கொடுங்கள். "லோவர்" (இறக்கு) என்றால் இரண்டு கையாலும் பிரேக் கயிற்றைப் பிடித்து, ஒரே சீரான வேகத்தில் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். உங்களைவிட அவர் நிறைய எடை என்றால் அவர் விழும்போது நீங்கள் மேலே தூக்கப்படுவீர்கள். சுவரை ஒட்டி நில்லுங்கள், தரையில் கட்டிக்கொள்ளும் வசதி இருந்தால் கேட்டு வாங்குங்கள்.

ஜிம் பழக்கம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏறுபவர் திணறும்போது "இடது கால் அங்கே வை" என்று சொல்ல வாய் துடிக்கும். கேட்காமல் சொல்லாதீர்கள். அந்தப் புதிரை அவிழ்க்கத்தான் அவர் வந்திருக்கிறார். அவர் இறங்கி வந்து கேட்டால், நீங்கள் பார்த்ததைச் சொல்லலாம். கூட்டாளியாகச் சேர்ந்து ஏறும் பழக்கம் பெரும்பாலும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

வெளிப் பாறைக்குப் போகும்போது

ராமநகரம் பெங்களூருவிலிருந்து மைசூர் சாலையில் ஏறக்குறைய 50 கி.மீ. அந்த ஊருக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் குளோஸ்பேட். இங்குள்ள பாறையை இன்றும் புவியியலாளர்கள் குளோஸ்பேட் கிரானைட் என்றே அழைக்கிறார்கள். சுமார் 250 கோடி ஆண்டு பழையது. ஜிம்மில் வண்ணம் பார்த்துப் பிடிகளைத் தேடிய கண்ணுக்கு இங்கே முதலில் எதுவுமே தெரியாது. சாய்ந்த பாறையில் கையைவிடக் காலை நம்புங்கள். குதிகாலைத் தாழ்த்தி, உடலைப் பாறையிலிருந்து கொஞ்சம் விலக்கினால் எடை முழுதும் காலணிக்குப் போகும், ரப்பர் ஒட்டும். பயந்து பாறையைக் கட்டிப்பிடித்தால் கால் வழுக்கும்.

ஆங்கர் போடுவதை அனுபவமுள்ளவர்களிடம் விட்டுவிடுங்கள். நீங்கள் செய்ய வேண்டியவை மூன்று. ஏறாமல் கீழே நின்றாலும் ஹெல்மெட் போடுங்கள், கல் உங்கள் தலையில்தான் விழும். கயிற்றின் உங்கள் பக்க நுனியில் ஒரு முடிச்சுப் போடுங்கள், இல்லையென்றால் இறக்கும்போது கயிறு தீர்ந்து கருவியைத் தாண்டிப் போய்விடும், மேலே இருப்பவர் விழுவார். பக்கத்தில் வேறு குழு ஏறினால், "டேக்" என்பதோடு பெயரையும் சேர்த்துக் கூப்பிடச் சொல்லுங்கள்.

தேனீ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இந்தப் பாறைகளின் மடிப்புகளில் மலைத்தேனீக்கள் பெரிய அடைகளாகத் தொங்கும். ஏறும் பாதைக்குப் பக்கத்தில் அடை தெரிந்தால் அன்றைக்கு அந்தப் பாதை வேண்டாம். சத்தமும் புகையும் வாசனைத் தைலமும் அவற்றைக் கிளப்பும். ராமநகரத்தின் ராமதேவர பெட்டா குன்றுப் பகுதி பிணந்தின்னிக் கழுகுகளுக்கான சரணாலயம், அங்கே வனத்துறை விதிகளை விசாரித்துக்கொண்டு போங்கள்.

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். அப்போதும் விடியலிலேயே கிளம்பிவிடுங்கள், வெயில் ஏறிவிட்டால் பாறை சுட ஆரம்பிக்கும், கை வியர்த்துப் பிடி நழுவும். கயிற்றை மண்ணில் போடாமல் ஒரு விரிப்பில் குவியுங்கள், உள்ளே புகும் மணல் கயிற்றின் இழைகளை அரித்துவிடும்.