படகுத்துறைக்கு மானியம் கேட்கும் ஊர்கள் எங்கே தவறுகின்றன

அமெரிக்காவில் ஒருவர் கடையில் தூண்டில் கம்பு வாங்கும்போதே ஏதோ ஓர் ஏரிக்கரையின் படகுத்துறைக்குத் தன் பங்கைக் கொடுத்துவிடுகிறார். தூண்டில் கம்பு, ரீல், செயற்கை இரை போன்றவற்றைத் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் கட்டும் 10 சதவீத வரி விலையிலேயே ஏறிவிடுகிறது. மோட்டார் படகுக்குப் போடும் எரிபொருள் மீதான வரியில் ஒரு பகுதியும் அதே நிதிக்குப் போகிறது. 1950இல் வந்த டிங்கெல்-ஜான்சன் சட்டம் இதைத் தொடங்கியது, 1984இல் வந்த வாலப்-ப்ரோ திருத்தம் பெரிதாக்கியது. மாநிலங்கள் தங்களுக்கு வரும் பங்கில் 15 சதவீதத்தைப் படகு வசதிக்கு ஒதுக்க வேண்டும் என்பது பொது விதி. அதாவது இது மீன் பிடிப்பவர்களும் படகு வைத்திருப்பவர்களும் கட்டிய பணம், அவர்களிடமே திரும்பி வர வேண்டிய பணம். அப்படி இருந்தும் உண்மையிலேயே ஒரு நல்ல ராம்ப் (டிரெய்லரிலிருந்து படகைத் தண்ணீரில் இறக்கும் சாய்தளம்) தேவைப்படும் சிறிய ஊர்கள் விண்ணப்பத்தில் தவறு செய்து வெறுங்கையோடு திரும்புவதைப் பார்த்தால் மனசு கேட்பதில்லை. நான் தன்னார்வலராக இரண்டு மூன்று ஊர்களின் விண்ணப்பங்களுக்கு உதவப் போயிருக்கிறேன். அங்கே பார்த்ததையும், விதிகளைப் படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்து எழுதுகிறேன்.

முதல் தவறு, தப்பான கதவைத் தட்டுவது. பணம் மத்திய அரசின் மீன், வனவிலங்கு சேவைத் துறையிலிருந்து வருகிறது என்று கேள்விப்பட்டு நேராக அங்கே எழுதுகிறார்கள். அந்தத் துறை மாநில அமைப்புகளுக்குத்தான் கொடுக்கும், ஊராட்சியும் கவுண்டியும் (மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) மாநிலத்திடம்தான் கேட்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் அந்த அலுவலகமும் வேறு, சில இடங்களில் மீன்வளத் துறை, சில இடங்களில் பூங்காத் துறை, ஓரிகனில் கடல்சார் வாரியம். வாஷிங்டன், புளோரிடா மாதிரி சொந்தமாகத் தனிப் படகு வசதித் திட்டம் வைத்திருக்கும் மாநிலங்களும் உண்டு, அதையும் பார்க்காமல் விடாதீர்கள்.

சரி, கதவு சரியாக இருந்தாலும் நிதி தப்பாக இருக்கலாம். படகு உள்கட்டமைப்பு மானியம் என்று ஒன்று இருக்கிறது, பெயரைப் பார்த்தால் எல்லாப் படகுக்கும் என்று தோன்றும், ஆனால் அது 26 அடியும் அதற்கு மேலும் நீளமுள்ள, வழியில் சில நாள் மட்டும் தங்கிப் போகும் உல்லாசப் படகுகளுக்கானது. 16 அடி அலுமினியப் படகை டிரெய்லரில் இழுத்து வருபவருக்கு ராம்ப் கட்ட அதில் இடமில்லை. படகுக் கழிவறைத் தொட்டியைக் காலி செய்யும் வசதிக்கு 1992ஆம் ஆண்டின் தூய படகுச் சட்டத்தின் கீழ் தனி மானியம். சாதாரண ராம்ப்புக்கு மேலே சொன்ன 15 சதவீதப் பணம்தான் பொருந்தும், அதிலும் ஒரு நிபந்தனை உண்டு: வழக்கமான குதிரைத்திறன் உள்ள மோட்டார் படகுகள் வந்து இறங்கக்கூடிய இடமாக இருக்க வேண்டும். "அமைதியான ஏரி, கயாக் மட்டும் போதும்" என்று, அதாவது துடுப்புப் போடும் சிறு படகுக்கு மட்டும், திட்டம் போட்டுவிட்டு இந்தப் பணத்தைக் கேட்டால் முதல் சுற்றிலேயே கேள்வி வரும். கயாக் இறங்குமிடம் நல்ல விஷயம்தான், அதற்கு வேறு நிதி தேடுங்கள்.

மூன்றாவது தவறுதான் எனக்கு மிகவும் வலித்தது. நான் உதவப் போன ஓர் ஊரில், விண்ணப்பம் எப்படியும் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில், குளிர்காலத் தள்ளுபடி போய்விடுமே என்று மிதக்கும் டாக்கை (படகைக் கட்டி ஏறி இறங்கும் மேடை) முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள். மானியமும் கிடைத்தது. ஆனால் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன் செய்த செலவு என்பதால் டாக்கின் விலை கணக்கில் சேரவில்லை, மானியத்தோடு ஊர் போட வேண்டிய பங்காகவும் அதைக் காட்ட முடியவில்லை. ஊர் மக்கள் பட்ஜெட்டில் கஷ்டப்பட்டு ஒதுக்கிய பணம் அது. எந்தச் செலவாக இருந்தாலும், நில அளவை ஆனாலும் பொறியாளர் கட்டணம் ஆனாலும், முன்பே செய்தால் ஏற்பார்களா என்று மாநில அலுவலரிடம் எழுத்தில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தொலைபேசியில் "பரவாயில்லை" என்று சொன்னதை நம்பி இறங்காதீர்கள். அதோடு, சுற்றுச்சூழல் ஆய்வு முடியும் முன் கரையில் மண்ணைத் தோண்டினால் பணப் பிரச்சினை மட்டுமல்ல, திட்டமே தகுதி இழக்கலாம்.

இதோடு ஒட்டியதுதான் நம் பங்குப் பணம். டிங்கெல்-ஜான்சன் நிதியில் மத்திய அரசு 75 சதவீதம் வரை தரும், மீதி 25 சதவீதம் உள்ளூரோ மாநிலமோ போட வேண்டும். பொதுப் பொழுதுபோக்கு இடங்களுக்குப் பணம் தரும் இன்னொரு மத்திய நிதியான நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதியிடம் போனால் பாதிக்குப் பாதி. ஒரு மத்திய அரசு மானியத்துக்கான பங்காக இன்னொரு மத்திய அரசு மானியத்தைக் காட்டுவது பொதுவாகச் செல்லாது, சட்டம் தனியாக அனுமதித்தால்தான் உண்டு. தன்னார்வலர் உழைப்பைப் பங்காகக் காட்டலாம், ஆனால் யார், எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எந்த வேலை, அந்த வேலைக்குச் சந்தைக் கூலி என்ன என்ற பதிவேடு அன்றன்றே எழுதியிருக்க வேண்டும். வேலை முடிந்து ஆறு மாதம் கழித்து நினைவிலிருந்து எழுதினால் தணிக்கையில் நிற்காது. இன்னொன்று, இந்த மானியங்கள் பெரும்பாலும் முதலில் நீங்கள் செலவழித்து, ரசீது காட்டி, பிறகு திரும்பப் பெறுவது. ஒப்பந்தக்காரருக்குக் கொடுக்கும் முதல் காசோலை ஊரின் கணக்கிலிருந்துதான் போகும், அந்த இடைவெளியைத் தாங்கப் பணம் இருக்கிறதா என்று பொருளாளரிடம் முதல் நாளே கேளுங்கள்.

நிலம். கரை ஊருக்குச் சொந்தம் என்று எல்லோரும் சொல்வார்கள், பத்திரத்தை எடுத்துப் பார்த்தால் பார்க்கிங் பாதி ரயில்வேக்கோ பக்கத்து வீட்டுக்காரருக்கோ இருக்கும். கட்டும் வசதியின் பயன்பாட்டுக் காலம் முழுவதும், பல இடங்களில் அது 20 ஆண்டுக்கும் மேல், நிலம் உங்கள் கட்டுப்பாட்டில் இருக்கும் என்று காட்ட வேண்டும். ஐந்து ஆண்டுக் குத்தகையை வைத்துக்கொண்டு இருபது ஆண்டு உறுதி தர முடியாது. தண்ணீருக்கு அடியில் இருக்கும் தரை பெரும்பாலும் மாநிலத்துக்குச் சொந்தம் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை, அதற்கும் தனி அனுமதி வேண்டும். சட்டம் போக்குவரத்து நீர்வழி என்று கருதும் நீர்நிலையில் எதைக் கட்டினாலும் 1899ஆம் ஆண்டின் ஆறுகள், துறைமுகங்கள் சட்டப்படி ராணுவப் பொறியாளர் பிரிவின் அனுமதி தேவைப்படும். மீன் முட்டையிடும் பருவத்தில் தண்ணீருக்குள் வேலை செய்யவிட மாட்டார்கள். இதையெல்லாம் கூட்டிப் பார்க்காமல் "வசந்தத்தில் தொடங்கி கோடையில் திறப்பு விழா" என்று கால அட்டவணை போட்டால், அதைப் படிக்கும் அலுவலருக்கு நீங்கள் விசாரிக்கவே இல்லை என்று அந்த ஒரு வரியிலேயே தெரிந்துவிடும்.

வடிவமைப்பில் நடக்கும் தவறுகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பணம் கிடைத்த பிறகும் ஊரை முப்பது ஆண்டு துன்புறுத்துவது இதுதான். ராம்ப்பை நீர் நிறைந்திருக்கும் மாதத்தில் பார்த்துவிட்டு வரைகிறார்கள். கோடையின் கடைசியில் நீர் இறங்கும்போது கான்கிரீட்டின் முனை வெளியே தெரியும், படகை இறக்க முடியாது. நீர்மட்டம் எவ்வளவு இறங்கும் என்று பல ஆண்டுப் பதிவைப் பார்த்து, அந்த மட்டத்திலும் டிரெய்லர் சக்கரம் கான்கிரீட்டில் நிற்கும்படி முனையைக் கீழே கொண்டுபோக வேண்டும். சரிவு 12 முதல் 15 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. அதைவிடக் குறைந்தால் படகு மிதக்கும் முன்பே இழுக்கும் வண்டியின் பின்சக்கரம் நனையும், கூடினால் ஈரக் கான்கிரீட்டில் வண்டி ஏறாமல் வழுக்கும். அப்புறம், பலர் மோட்டாரை முடுக்கியே படகை டிரெய்லரில் ஏற்றுகிறார்கள், அந்த நீரோட்டம் ராம்ப்பின் முனைக்கு அப்பால் குழி பறிக்கிறது, பறித்த மண் சற்றுத் தள்ளி மேடாகிறது. ஒரு நாள் யாருடைய டிரெய்லரோ அந்தக் குழியில் இறங்கி அச்சு முறியும். முனையில் கனமான கற்களைப் பரப்ப அப்போதே பணம் ஒதுக்குங்கள்.

பார்க்கிங்கும் அப்படித்தான். வண்டியும் டிரெய்லரும் சேர்ந்து நிற்க ஏறத்தாழ 10 அடி அகலம், 40 அடி நீளம் வேண்டும், திரும்ப இடம் வேண்டும். சாதாரணக் கார் இடங்களை எண்ணிக் கணக்குக் காட்டினால் சனிக்கிழமை காலை சாலையோரம் முழுக்க டிரெய்லர்கள் நிற்கும், பக்கத்து வீட்டார் புகார் தொடங்கும்.

படகு இல்லாதவர்களை மறப்பது இன்னொரு தவறு, என்னைக் கேட்டால் பெரிய தவறு. கரையில் நின்று தூண்டில் போடுபவர்கள்தான் அதிகம் குழந்தைகளைக் கூட்டி வருகிறார்கள். மீன்பிடி மேடை கட்டினால் 2010ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் அணுகல் தரம் பொருந்தும்: கைப்பிடிக் கம்பியில் குறைந்தது 25 சதவீத நீளம் 34 அங்குலத்துக்கு மேல் உயராமல் இருக்க வேண்டும், அதுவும் ஒரே மூலையில் இல்லாமல் மேடை முழுவதும் பரவலாக. சக்கர நாற்காலியில் இருப்பவர் தூண்டிலை வீசவும் மீனை இழுக்கவும் அதுதான் உயரம். மேடையைச் சரியாகக் கட்டிவிட்டு பார்க்கிங்கிலிருந்து அங்கே போகும் பாதையைச் சரளைக் கல்லாக விட்டதை நான் பார்த்திருக்கிறேன், அந்த மேடைக்கு அவரால் எப்படி வந்து சேர முடியும்?

விண்ணப்பத்தின் விளக்கப் பகுதியில் ஏரியின் அழகை வர்ணிக்காதீர்கள். எண்ணுங்கள். மூன்று நான்கு வார இறுதிகளில் காலை ஐந்து மணியிலிருந்து ஒருவர் உட்கார்ந்து எத்தனை டிரெய்லர் வந்தது, எத்தனை பேர் இடமில்லாமல் திரும்பினார்கள், எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள் என்று குறிக்கட்டும், சுதந்திர தினமான ஜூலை 4ஐ ஒட்டிய நாட்களை விடாதீர்கள். அடுத்த பொது ராம்ப் எத்தனை மைல் தொலைவில் இருக்கிறது, உடைந்த கான்கிரீட்டின் படம் எங்கே, இவை பேசும். ஆதரவுக் கடிதங்கள் இருபதும் ஒரே வாசகத்தில் இருந்தால் ஒரு கடிதத்தின் மதிப்புதான். ஒரு மீன்பிடி வழிகாட்டியோ பள்ளி ஆசிரியரோ தன் சொற்களில் எழுதிய மூன்று கடிதம் போதும்.

பட்ஜெட்டில் அடிக்கடி விடுபடுவது 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தோடு வந்த உள்நாட்டுப் பொருள் விதி. மத்திய நிதி வரும் கட்டுமானத்தில் இரும்பும் எஃகும் அமெரிக்காவிலேயே உருக்கிச் செய்ததாக இருக்க வேண்டும், மலிவான இறக்குமதி விலையை வைத்துப் போட்ட மதிப்பீடு பின்னால் உதைக்கும்.

பணம் வந்த பிறகும் பொறுப்பு முடிவதில்லை. உள்ளூர்க்காரர்களுக்கு மட்டும் என்று பலகை வைக்க முடியாது. நிலம், நீர்ப் பாதுகாப்பு நிதியில் வெளியூர்க்காரரிடம் கட்டணம் வாங்கினால் உள்ளூர்க் கட்டணத்தின் இரண்டு மடங்கைத் தாண்டக் கூடாது, அந்த நிதி தொட்ட நிலம் நிரந்தரமாகப் பொதுப் பொழுதுபோக்குக்கே. பின்னால் வரும் நகர மன்றம் அதை உணவகத்துக்கு விட நினைத்தால் ஒப்புதல் வாங்கி, சம மதிப்பும் சம பயனும் உள்ள வேறு நிலம் கொடுக்க வேண்டும். இதை மன்றக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள், பத்து ஆண்டு கழித்து வருபவர்கள் ஆவணத்தில் பார்த்து அதிர்ச்சியடையும்படி விடாதீர்கள்.

நிராகரிப்புக் கடிதம் வந்தால் அதை அலமாரியில் வைத்து மூடுவதும் தவறுதான். எந்தப் பகுதிக்கு எத்தனை மதிப்பெண் போட்டார்கள் என்று அலுவலரைக் கூப்பிட்டுக் கேளுங்கள், பெரும்பாலும் சொல்வார்கள். அந்தக் குறிப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அடுத்த சுற்று அறிவிக்கும் முன்பே அனுமதிக்கான வேலையைத் தொடங்கிவிடுங்கள்.