என்ஜின் மாற்றிய பழைய காருக்கு எவ்வளவு விலை குறைக்கலாம்

"ஒரிஜினல் என்ஜின்தானா அண்ணே?" என்று கேட்டுப் பாருங்கள், "கம்பெனி என்ஜின்தான் தம்பி" என்றுதான் பதில் வரும். எந்தக் கம்பெனி என்பதுதான் விஷயமே. திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர்ப் பக்கம் தோப்பு வீட்டுக் கொட்டகையில் நிற்கிற பழைய அம்பாசிடர்களிலும் ஃபியட்களிலும் பெட்ரோல் என்ஜினை இறக்கிவிட்டு டீசலை ஏற்றியவை உண்டு. வாடகைக்கு ஓட்டியவருக்கு அன்றைக்கு அது வயிற்றுப்பாடு, குற்றம் சொல்ல முடியாது. ஆனால் இன்றைக்குப் பழைய கார் என்று விலை சொல்லும்போது அதைக் கழித்துத்தான் பேச வேண்டும். எப்படிக் கழிப்பது என்பதில்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

பானெட்டைத் திறப்பதற்கு முன்னால் ஆர்.சி. புக்கை வாங்கிப் படியுங்கள். என்ஜின் நம்பர், சேஸ் நம்பர், சிசி, எரிபொருள் எல்லாம் அதிலேயே இருக்கும். சில அமெரிக்கக் கார்களில் சேஸ் நம்பரின் கடைசி எண்களை என்ஜின் பிளாக்கிலேயே அடித்திருப்பார்கள், 'மேட்சிங் நம்பர்', அதாவது வண்டியோடு பிறந்த என்ஜினே இன்னும் இருக்கிறது என்ற பேச்சு பெரும்பாலும் அங்கிருந்து வந்ததுதான். நம்ம அம்பாசிடரில் இரண்டும் தனித்தனி எண்கள், காகிதம்தான் இரண்டையும் சேர்த்து வைக்கிறது. அதனால் பிளாக்கில் இருப்பதும் ஆர்.சி.யில் இருப்பதும் ஒன்றாக இருந்துவிட்டால் மட்டும் திருப்திப்பட்டுவிடாதீர்கள், இடையில் என்ஜினை மாற்றி ஆர்.டி.ஓ. ஆபீஸில் முறையாகப் பதிந்திருந்தாலும் அப்படித்தான் ஒத்துப்போகும். ஸ்மார்ட் கார்டு ஆர்.சி. இப்போதைய என்ஜினை மட்டுமே சொல்லும். பழைய புக், பழைய இன்சூரன்ஸ் தாள் இருந்தால் கேளுங்கள், இல்லையென்றால் வண்டி பதிவான ஆபீஸில் பி ரெஜிஸ்டர் எக்ஸ்ட்ராக்ட் (ஆபீஸ் பதிவேட்டில் அந்த வண்டிக்கு உள்ள பக்கத்தின் நகல்) கேட்டு ஓனரையே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

சிசியும் எரிபொருளுமே பாதிக் கதையைச் சொல்லிவிடும். அம்பாசிடரின் பழைய பெட்ரோல் என்ஜின் 1489 சிசி. தொழிற்சாலையிலிருந்தே டீசல் வந்தது 1980 வாக்கில், இசுசு 1.8 லிட்டர் பெட்ரோல் வந்தது 1990களில். ஆகவே 1968 மாடலில் டீசல் ஓடினால், விற்பவர் எந்தச் சாமி மேல் சத்தியம் செய்தாலும் அது பிறகு ஏறியதுதான்.

அப்புறம் மண்ணெண்ணெய் நனைத்த துணியால் நம்பர் இருக்கும் இடத்தைத் துடையுங்கள். எழுத்து கோணலாக இருக்கிறதா, சுற்றிலும் கிரைண்டர் ஓட்டிய தடம் இருக்கிறதா, தகட்டின் ரிவெட் மட்டும் புதுசாக மின்னுகிறதா என்று பாருங்கள். கிரைண்டர் தடம் இருந்தால் விலையே பேச வேண்டாம், வந்த வழியே திரும்பிவிடுங்கள். அது திருட்டு என்ஜினாகக்கூட இருக்கலாம்.

சரி, மாற்றியதுதான் என்று தெரிந்துவிட்டது. எந்த மாதிரி மாற்றம்? அதே வகை, அதே சிசி, நம்பர் மட்டும் வேறு என்றால் நான் அவ்வளவாக அலட்டிக்கொள்ள மாட்டேன். ஐம்பது வருஷம் ஓடிய வண்டியில் பிளாக் வெடிப்பதும், தேய்ந்த சிலிண்டரைக் குடைந்து போர் அடித்து அடித்து இனி அடிக்க இடமில்லாமல் போவதும் சகஜம். பழைய ஃபியட் 1100இல் பின்னால் வந்த பத்மினி என்ஜினைப் போட்டிருப்பார்கள், இரண்டுமே 1089 சிசி. பானெட்டைத் திறந்து காட்டினால் விவரம் தெரிந்தவர்தான் கண்டுபிடிப்பார். விலை குறையும், ஆனால் அடிமட்டத்துக்குப் போகாது.

வேறு இனத்து என்ஜினை ஏற்றியதுதான் வம்பு. அதற்காக எதையெல்லாம் அறுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். அம்பாசிடருக்கு லாரி மாதிரி தனிச் சேஸ் கிடையாது, பாடியே எலும்புக்கூடு. மவுண்டிங்கை அறுத்து வெல்டு வைத்ததும், ஸ்டீயரிங் பக்கத்துக் கை கியரை எடுத்துவிட்டுத் தரையில் ஓட்டை போட்டுக் கியர் ராடு நிறுத்தியதும் என்ஜினைக் கழற்றினாலும் போகாத தழும்புகள். டீசல் கனமும் அதிகம், முன் சஸ்பென்ஷன் எப்படித் தொங்கிப்போயிருக்கிறது என்று குனிந்து பாருங்கள்.

விலைக்கு "இருபது சதவீதம் குறை" என்று குத்துமதிப்பாகப் பேசாதீர்கள். சரியான வகை என்ஜின் என்ன விலை, சென்னை புதுப்பேட்டையிலிருந்து ஏற்றிவரக் கூலி, லேத் வேலை, ஒட்டி வரும் கியர்பாக்ஸ், ரேடியேட்டர், டிங்கர், மறுபடி ஆர்.சி.யில் ஏற்றும் அலைச்சல் என்று ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். நல்ல நிலையில் இருக்கும் ஒரிஜினல் காரின் விலையிலிருந்து அதைக் கழித்து, தழும்புக்காக இன்னும் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள். விற்பவர் முகம் சுளித்தால் அந்தத் தாளை அவரிடமே கொடுத்துவிடலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2021இல் வந்த மத்திய அரசு விதிப்படி முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டியை விண்டேஜ் என்று பதிந்து 'விஏ' நம்பர் வாங்கலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். ஆனால் என்ஜின், சேஸ், பாடி எதிலும் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. அந்த நம்பருக்கு ஆசைப்படுகிறவர் டீசல் ஏற்றிய வண்டியைத் தொடவே கூடாது. கல்யாண வாடகைக்கு விட நினைப்பவருக்கு இந்தக் கவலையே இல்லை, விஏ வண்டியை வாடகைக்கு ஓட்டவும் முடியாது. அவர் பாடியும் பெயின்ட்டும் பார்த்து வாங்கட்டும்.

ஆர்.சி.யில் ஏறாத என்ஜின் என்றால் அனுமதியில்லாமல் வண்டியை மாற்றக் கூடாது என்கிற 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். பெயர் மாற்றத்திலும் விபத்து கிளெய்மிலும் மாட்டிக்கொள்வது நீங்கள்தான், பழைய ஓனர் அல்ல. பதிந்து கொடுத்த பிறகே முழுப் பணம் என்று சொல்லிவிடுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் மாமா வீட்டு அம்பாசிடரில் டீசல் போட்டபோது இறக்கிய பெட்ரோல் பிளாக் பம்ப்செட் ரூமில் பல வருஷம் கிடந்தது. இடத்தை அடைக்கிறது என்று ஒரு நாள் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டார். போன வருஷம் கார் வாங்க வந்தவர் முதலில் கேட்டதே, "பழைய பிளாக் இருக்கா?" என்றுதான். இல்லை என்றதும் அவர் இறக்கிய விலையைக் கேட்டுவிட்டு அத்தை இன்னும் மாமாவிடம் சரியாகப் பேசுவதில்லை.