சிறு குழந்தை உள்ள வீட்டில் நாய்: முடிவெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறு குழந்தை இருக்கும் வீட்டில் நாய் வளர்க்கலாமா என்ற பேச்சு எழும்போது, குழந்தைக்கு என்ன கிடைக்கும் என்பதே பெரும்பாலும் முன்னால் வந்து நிற்கிறது. துணை கிடைக்கும், இரக்க குணம் வளரும், பொறுப்பு வரும் என்று பெரியவர்கள் எண்ணுகிறார்கள். இவை நடக்கக்கூடியவைதாம் என்றாலும், முடிவை இவற்றை நம்பி எடுப்பதுதான் மிகப் பரவலான தவறு. நாய்கள் பொதுவாக 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழ்கின்றன. 4 வயதில் அடம்பிடித்து நாய் கேட்ட குழந்தை பள்ளிப் படிப்பை முடிக்கும் காலம் வரைகூட அந்த நாய் வீட்டில் இருக்கலாம். அத்தனை ஆண்டுகளும் அதற்கு உணவு வைப்பது, நடைக்கு அழைத்துச் செல்வது, கழிவை அகற்றுவது, கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோவது எல்லாம் பெரியவர்களின் வேலையாகவே இருக்கும். தண்ணீர்க் கிண்ணத்தை நிரப்புவதற்கு மேல் ஒரு மழலையிடம் எதிர்பார்ப்பது நியாயமும் அன்று. குழந்தையே இல்லாவிட்டாலும் எனக்கு நாய் வேண்டும் என்று மனதாரச் சொல்லக்கூடிய பெரியவர் ஒருவராவது இல்லாத வீட்டில் நாய் வளர்க்கத் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அடுத்த தவறு, குட்டியும் குழந்தையும் சேர்ந்து வளரட்டும் என்று நினைத்துக் குட்டியாகவே கொண்டுவருவது. கேட்க இனிமையாக இருக்கும் இந்த எண்ணம் நடைமுறையில் இரண்டு கைக்குழந்தைகளை ஒரே நேரத்தில் வளர்ப்பதாக முடிகிறது. நாய்க்குட்டியை 8 வாரம் ஆவதற்கு முன் தாயிடமிருந்து பிரிக்கக் கூடாது. 8 வாரக் குட்டியால் இரவு முழுவதும் சிறுநீரை அடக்கவும் முடியாது. அதன் பால்பற்கள் ஊசிபோல் கூர்மையானவை. அவை விழுந்து நிலையான பற்கள் முளைத்து முடிய 6, 7 மாதங்கள் ஆகும். அதுவரை கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துக்கொண்டேயிருக்கும். கத்திக்கொண்டு ஓடும் குழந்தையைக் குட்டி விளையாட்டுத் தோழனாகவே எடுத்துக்கொண்டு, துரத்திச் சென்று கால்களையும் உடையையும் கவ்வும். குழந்தை மேலும் கத்தும்; குட்டிக்கு உற்சாகம் மேலும் கூடும். மனிதர்களையும் ஓசைகளையும் பிற விலங்குகளையும் குட்டி அச்சமின்றி ஏற்றுக்கொள்ளப் பழகும் காலம் ஏறத்தாழ 14 வாரத்தோடு முடிந்துவிடுவதால், முதல் சில வாரங்களில் அதனோடு செலவிட வேண்டிய நேரத்தைப் பிறகு ஈடுகட்டுவது கடினம். குழந்தைகளோடு ஏற்கெனவே வாழ்ந்து பழகிய, குணம் தெரிந்த, 2 வயதைக் கடந்த நாயே பல குடும்பங்களுக்கு இதைவிடப் பொருத்தமானது. காப்பகத்திலிருந்து தத்தெடுப்பதாக இருந்தால், அந்த நாய் இதற்கு முன் சிறு குழந்தைகளோடு இருந்திருக்கிறதா என்று வெளிப்படையாகக் கேட்க வேண்டும். தெரியாது என்ற பதிலை ஆம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இனத்தின் பெயரை நம்பி முடிவெடுப்பவர்களும் உண்டு. லாப்ரடார் என்றால் சாது, கோல்டன் ரெட்ரீவர் என்றால் குழந்தைகளிடம் பாசம் என்று கேள்விப்பட்டதோடு விசாரணையை நிறுத்திக்கொள்கிறார்கள். இனம் ஒரு போக்கைக் காட்டுமே தவிர, எந்த ஒரு நாய்க்கும் உத்தரவாதம் தராது. மந்தை மேய்க்கப் பழக்கப்பட்ட பார்டர் கோலி போன்ற இனங்கள் ஓடும் குழந்தையின் குதிகாலைக் கவ்வ முற்படலாம். நல்ல குணமுள்ள பெரிய நாய்கூட மகிழ்ச்சியில் வாலை ஆட்டியே ஒரு குழந்தையைத் தள்ளிவிடலாம். முடி உதிராத இனம் ஒவ்வாமை தராது என்பதும் தவறான நம்பிக்கை; ஒவ்வாமையைத் தூண்டும் புரதங்கள் நாயின் எச்சிலிலும் உதிரும் தோல் துகள்களிலும் சிறுநீரிலும் இருக்கின்றன. ஆஸ்துமா உள்ள குழந்தை என்றால் முதலில் மருத்துவரிடம் பேசிவிட்டு, நாய் இருக்கும் வீட்டில் பலமுறை நேரம் கழிக்கச் செய்து பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, நாய் சொல்வதைப் பெரியவர்கள் கவனிக்கத் தவறுவது. தரையில் படுத்திருக்கும் நாயின் கழுத்தை 2 வயதுக் குழந்தை கட்டிக்கொள்கிறது. நாய் எழுந்திருக்கவில்லை, முகத்தை மட்டும் மறுபக்கம் திருப்பிக்கொள்கிறது. மூக்கை நாக்கால் ஒருமுறை நக்குகிறது. தூக்கம் வராத நேரத்தில் கொட்டாவி விடுகிறது. கண்ணின் ஓரத்தில் வெண்மை தெரிகிறது. எவ்வளவு பொறுமை பாருங்கள் என்று சொல்லி எதிரில் இருப்பவர் கைப்பேசியில் படம் எடுக்கிறார். அந்த நேரமெல்லாம் நாய், என்னை விட்டுவிடுங்கள் என்று தனக்குத் தெரிந்த எல்லா வழிகளிலும் கேட்டுக்கொண்டிருக்கிறது. இவை பலிக்காதபோது அதன் உடல் விறைக்கும், பிறகு உறுமும், அதற்கும் பிறகே கடிக்கும். உறுமியதற்காக நாயை அடித்தால், அடுத்த முறை அது உறுமாமலே கடிக்கக் கூடும். சிறு குழந்தைகளைக் கடிப்பவை பெரும்பாலும் அவர்களுக்குப் பழக்கமான நாய்களே. குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக இருப்பதால் காயம் முகத்திலும் கழுத்திலும் ஏற்படுகிறது.

ஆகவே ஒரே அறையில் இருப்பதையே கண்காணிப்பு என்று கருதக் கூடாது. கை எட்டும் தூரத்தில், கண் இருவர் மீதும் இருக்க, பெரியவர் ஒருவர் அமர்ந்திருப்பதே கண்காணிப்பு. அது முடியாத நேரங்களில், குறிப்பாகச் சமையல் நடக்கும்போதும் தொலைபேசியில் பேசும்போதும், தடுப்புக் கதவு வைத்து இருவரையும் பிரித்துவைக்க வேண்டும். குழந்தை நுழையவே கூடாத ஒரு மூலை நாய்க்கு வேண்டும். உண்ணும்போதும் உறங்கும்போதும் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கும்போதும் அதன் அருகே குழந்தை போகக் கூடாது. வீட்டில் இதற்கெல்லாம் இடமும் ஆளும் உண்டா என்பதை நாய் வருவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

உடல்நலக் காரியங்களை நாய் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதும் சரியன்று. நாய்க்குட்டிகள் பல தாயின் வயிற்றிலேயே உருளைப்புழுத் தொற்றைப் பெற்றுப் பிறக்கின்றன. கையை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைக்கு அது பரவக்கூடும் என்பதால் குடற்புழு நீக்கமும் தடுப்பூசிகளும் எந்த அளவில் முடிந்திருக்கின்றன என்று முதலிலேயே கேட்டறிய வேண்டும். கடியோ கீறலோ ஏற்பட்டால் வீட்டு நாய்தானே என்று விட்டுவிடாமல், சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிடம் கழுவி உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

பிரசவத்தை எதிர்நோக்கியிருக்கும் மாதங்களிலோ, வீடு மாறும் சமயத்திலோ நாயைக் கொண்டுவராமல் இருப்பது நல்லது. முடிவு எட்டப்படவில்லை என்றால், நாய் இல்லாமலே ஒரு மாதம், தினமும் காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் நடைக்கென்று ஒதுக்கிப் பார்க்கலாம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்த நாளிலும் மழை பெய்த நாளிலும் யார் வெளியே சென்றார்கள் என்பது அதில் தெரிந்துவிடும். வாய்ப்பிருந்தால், காப்பகத்து நாய் ஒன்றைச் சில வாரங்களுக்குத் தற்காலிகமாக வைத்துப் பார்ப்பது இன்னும் தெளிவாகக் காட்டும். நேரம் அமையவில்லை என்றால், சொன்னதைப் புரிந்து நடக்கும் வயதுக்குக் குழந்தை வரும்வரை, 6 அல்லது 7 வயது வரை, தயக்கமின்றித் தள்ளிப்போடலாம்.